கோவில்பட்டியில் முடிந்த பயணம்: நாராயணசாமி நாயுடு யார்? விவசாயச் சங்கத்தில் சேர்வது லாபமா, நஷ்டமா?

1984 டிசம்பர் 21. தமிழ்நாடே தேர்தல் ஜுரத்தில் இருந்த நேரம். ஓட்டுப்பதிவுக்கு இன்னும் மூன்றே நாள். பிரசாரத்துக்காகக் கோவில்பட்டிக்கு வந்திருந்த 59 வயது விவசாயி ஒருவர், வந்த இடத்திலேயே மாரடைப்பால் காலமானார். அவர்தான் சி. நாராயணசாமி நாயுடு. விவசாயிகள் இன்றும் உழவர் பெருந்தலைவர் என்று சொல்லும் மனிதர்.

கோவில்பட்டி அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல்தான். பிறந்தது கோவைப் பக்கம். கடைசி மூச்சு நின்றது நெல்லைச் சீமையில்.

அவர் மறைந்து நாற்பது வருடங்கள் தாண்டிவிட்டன. ஆனாலும் அவர் காலத்தில் கிராமத்துத் திண்ணைகளில் ஓடிய அதே கேள்வி இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சங்கத்துல சேர்ந்து சந்தா கட்டுறதால நமக்கு என்ன பிரயோஜனம்? நாளைக்கு ஒரு கேஸ், ஒரு ஜப்தி என்று வந்தால் யார் வந்து நிற்பார்கள்? இந்தக் கேள்விக்கான பதில் நாராயணசாமி நாயுடுவின் வாழ்க்கையில் இருக்கிறது. ஆனால் அது அவ்வளவு சுலபமான பதில் இல்லை.

யார் இந்த நாராயணசாமி நாயுடு?

1925 பிப்ரவரி 6-ஆம் தேதி, கோவை அருகே வையம்பாளையத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெரிய படிப்பும் பதவியும் அவரிடம் கிடையாது. சொந்தத் தோட்டத்தில் விவசாயம் பார்த்தவர்.

அவரைப் புரிந்துகொள்ள முதலில் கோவை விவசாயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தஞ்சாவூர் மாதிரி ஆற்றுத் தண்ணீர் வயல் தேடி வரும் மண் இல்லை அது. கிணறு வெட்டி, பாறை உடைத்து, ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே கொண்டு வர வேண்டும். ஒரு காலத்தில் மாடு பூட்டிக் கமலை இறைத்தார்கள். பிறகு ஆயில் இன்ஜின் வந்தது. அதன்பின் கரண்ட் மோட்டார். மோட்டார் வந்ததும் மாட்டுக்குத் தீவனம் போடுகிற செலவு குறைந்தது. ஆனால் புதிதாக ஒன்று வீட்டுக்கு வர ஆரம்பித்தது: கரண்ட் பில்.

மழை பொய்க்கும்போது தண்ணீர் மட்டம் இறங்கும். மட்டம் இறங்கினால் மோட்டார் கூடுதல் நேரம் ஓட வேண்டும். அதாவது விளைச்சல் குறையும் வருடத்தில்தான் பில் ஏறும். இந்த இடத்திலிருந்துதான் நாயுடுவின் பொதுவாழ்க்கை தொடங்கியது.

இரண்டு பைசாவில் தொடங்கிய கதை

1970-ல் விவசாயத்துக்கான மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்ந்தது. இரண்டு பைசாதானே, இதுக்கா இவ்வளவு கலாட்டா என்று பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால், சுமார் 30 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 2 பைசா கூடினால் நாளுக்கு 60 பைசா. வருடத்தில் 200 நாள் மோட்டார் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 120 ரூபாய். 1970-ல் ஒரு சிறு விவசாயிக்கு அது கைக்கடிக்கிற தொகை.

கோவை வட்டாரத்தில் விவசாயிகளைத் திரட்டிப் போராட்டத்தைத் தொடங்கினார் நாயுடு. ஜூன் 19-ஆம் தேதி, திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அதன் பிறகு அரசு ஒரு பைசாவைக் குறைத்தது.

மேலே போட்ட கணக்குப்படி ஒரு பைசா என்பது வருடத்துக்கு 60 ரூபாய். அந்த 60 ரூபாய் மோட்டார் வைத்திருந்த எல்லோருக்கும் கிடைத்தது. சங்கத்தில் இருந்தவருக்கும் கிடைத்தது, வீட்டை விட்டு வெளியே வராதவருக்கும் கிடைத்தது. உயிர் போனது மூன்று குடும்பங்களுக்கு மட்டும். விவசாயச் சங்கங்களின் ஆதிப் பிரச்சினையே இதுதான். செலவு சிலருடையது, பலன் எல்லோருடையது.

மாட்டுவண்டிகள் கோவையை மறித்த நாள்

1972-ல் கட்டணம் மறுபடியும் ஏறியது. இந்தமுறை 12 பைசா. நாயுடு கையில் எடுத்த ஆயுதம், ஒவ்வொரு விவசாயியின் வீட்டு வாசலிலும் நின்றுகொண்டிருந்த மாட்டுவண்டி.

அந்த ஜூன் மாதம் ஆயிரக்கணக்கான வண்டிகள் கிராமங்களிலிருந்து கிளம்பிக் கோவை நகருக்குள் வந்தன. முக்கியச் சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பித்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட இந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதின.

ஜூலை 5-ஆம் தேதி நடந்த பந்தின்போது பல இடங்களில் துப்பாக்கிச்சூடு. 15 விவசாயிகள் உயிரிழந்தார்கள். அதே மாதத்தில் அரசு சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்தி உடன்பாட்டுக்கு வந்தது. தமிழக விவசாயிகள் ஜூலை 5-ஆம் தேதியை ஆண்டுதோறும் தியாகிகள் நினைவு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

அடுத்த வருடம், 1973-ல், கோவைச் சங்கம் தமிழ்நாடு முழுவதற்குமான தமிழக விவசாயிகள் சங்கமாக விரிந்தது. பச்சைத் துண்டு அதன் அடையாளமானது. சாதி, கட்சி பார்க்காமல் விவசாயி என்ற ஒரே பெயரில் எல்லோரும் உள்ளே வரலாம் என்பதுதான் நாயுடு வைத்த விதி. தேர்தல் அரசியலில் இருந்து சங்கம் தள்ளி நிற்க வேண்டும் என்பதிலும் அப்போது உறுதியாக இருந்தார்.

சந்தா கட்டினால் என்ன கிடைத்தது?

கட்டணக் குறைப்பு எல்லோருக்கும் பொது. அப்படியானால் உறுப்பினருக்கு மட்டும் கிடைத்தது என்ன? அதற்கு அந்தக் காலத்து ஜப்தி எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும்.

கூட்டுறவுக் கடனோ வரி பாக்கியோ நின்றுவிட்டால் வருவாய்த் துறை ஆட்கள் ஊருக்கு வருவார்கள். 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் அவர்கள் கையில் இருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் நிலவரி வசூலிக்கப் போட்ட சட்டம் அது. கோர்ட்டுக்குப் போகாமலேயே பொருளைப் பறிமுதல் செய்ய வழிவிடும் சட்டம். மோட்டாரைக் கழற்றலாம், மாட்டை ஓட்டிப் போகலாம், நிலத்தை ஏலம் விடலாம்.

பண நஷ்டத்தைவிடப் பெரிய அடி, மானம் போவது. அண்டை வீட்டார் பார்க்க, சாமான்களை வெளியே தூக்கி வைப்பதைத் தாங்க முடியாமல் அடமானம் வைத்தாவது, கந்துவட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடுவார்கள். ஒற்றை ஆளாக மாட்டிக்கொண்ட விவசாயிக்கு வேறு வழி இல்லை.

சங்கம் மாற்றியது இந்த இடத்தைத்தான். உறுப்பினர் வீட்டுக்கு ஜப்தி என்றால் ஊரே திரண்டு வாசலில் நிற்கும். ஏலம் விட்டால் கேட்க ஆள் வராது. அதிகாரி பேசித் தவணை கொடுக்க வேண்டிய நிலை வரும். வக்கீல் ஃபீஸ் கொடுத்து வாங்கும் பாதுகாப்பு இல்லை இது. பக்கத்துத் தோட்டக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பதால் கிடைக்கும் பாதுகாப்பு. இதற்குச் சந்தா மட்டும் போதாது. அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு ஜப்தி வந்தால் நாமும் போய் நிற்க வேண்டும். அதுதான் உண்மையான சந்தா.

இங்கிலாந்தில் 1908-ல் தொடங்கிய தேசிய விவசாயிகள் சங்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே உறுப்பினர் சந்தா கட்டியபின், சட்ட உதவித் திட்டத்துக்கென்று தனியாகவும் பணம் கட்டலாம். நில வழக்கு, குத்தகைத் தகராறு போன்றவை வந்தால் வழக்குச் செலவில் ஒரு பகுதியைத் திட்டம் ஏற்கும். இன்ஷூரன்ஸ் மாதிரி. அங்கே விவசாயி பணத்தைக் கொடுத்துக் காப்பு வாங்குகிறார். நாயுடுவின் சங்கத்தில் விவசாயி தன்னையே கொடுத்துக் காப்பு வாங்கினார்.

சட்டம் என்ன சொன்னது?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆலைத் தொழிலாளர்களின் சங்கங்களுக்கு 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் ஒரு கவசம் கொடுத்தது. பதிவு பெற்ற தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தால், அதனால் ஏற்பட்ட நஷ்டத்துக்காக முதலாளி சிவில் வழக்குப் போட்டுச் சங்கத்தை முடக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றியது. சொந்த நிலத்தில் உழும் விவசாயி யாருக்கும் தொழிலாளி இல்லை. அவருடைய தகராறு அரசோடு. ஆகவே அந்தக் கவசம் அவருக்குப் பொருந்தவில்லை. சாலை மறியல் செய்த விவசாயி மேல் சாதாரணக் குற்றவழக்குதான் பாய்ந்தது. நாயுடுவே பலமுறை சிறைக்குப் போய் வந்தவர்.

அதேசமயம் விவசாயிக்குச் சாதகமான சட்டங்களும் இல்லாமல் இல்லை. கோர்ட்டுத் தீர்ப்பின் பேரில் ஜப்தி நடந்தால், பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவிகள், மாடுகள், விதைத் தானியத்தைத் தொடக் கூடாது என்று 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்கிறது. குத்தகை விவசாயியைக் கண்டபடி வெளியேற்ற முடியாது என்று 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருந்தது. அது இருக்கிறது என்று தெரிந்த ஆள் ஊரில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. சங்கம் இருந்த ஊரில் அப்படி ஒருவராவது இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

நெல்லையில் இரண்டு விதமான விவசாயம்

பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இரண்டு உலகங்கள் இருந்தன.

ஒன்று தாமிரபரணிப் பள்ளத்தாக்கு. பொதிகையில் பிறக்கும் ஆறு பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. எட்டு அணைக்கட்டுகள், அவற்றின் கால்வாய்கள், குளங்கள் மூலம் சுமார் 86 ஆயிரம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். இங்குள்ள விவசாயிக்கு முக்கியமான தேதி, கரண்ட் பில் கட்டும் தேதி இல்லை. பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் தேதி. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்பதுதான் கவலை. கோயில், மடங்களின் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர்களும் இங்கே நிறைய. அவர்களுக்குக் கவலை குத்தகை பாக்கி, வெளியேற்றம்.

இன்னொன்று வடக்கே கோவில்பட்டி, சங்கரன்கோவில், திருவேங்கடம் பக்கம். கரிசல் மண். மானாவாரி, இல்லாவிட்டால் கிணறு. தாமிரபரணித் தண்ணீர் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-லிருந்து மின்சாரம் எடுக்கிறது. பள்ளத்தாக்கு விவசாயிக்குத் தாமிரபரணி தண்ணீராக வந்தது. கரிசல் விவசாயிக்கு மின்சாரம் என்பது கம்பியில் வந்து, மாதம்தோறும் பில்லாக நின்றது.

கோவை விவசாயியின் பிரச்சினையும் கோவில்பட்டி விவசாயியின் பிரச்சினையும் ஒன்றேதான். மொழியின் ராகம் வேறு, கிணற்றின் ஆழம் ஒன்று. அதனால்தான் கோவைக்காரர் தொடங்கிய சங்கம் நெல்லைச் சீமையின் கரிசல் பக்கம் வேர் பிடித்தது.

குறிஞ்சாக்குளம்: விலை கொடுத்த ஊர்

1970-களின் கடைசியில் போராட்டம் மின்கட்டணத்தோடு நிற்கவில்லை. கடன் தள்ளுபடி, விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை என்று கோரிக்கைகள் வளர்ந்தன. கடனைக் கட்டாதே, பில்லைக் கட்டாதே என்ற அழைப்பும் வந்தது. ஆட்சி திமுகவிடமிருந்து எம்.ஜி.ஆரிடம் மாறியிருந்தது. ஆனால் அரசுக்கும் விவசாயிக்கும் நடுவே இருந்த தகராறு மாறவில்லை. 1978-லும் துப்பாக்கிச்சூடு நடந்தது.

1980 டிசம்பரில் நாயுடுவின் பெயர் தமிழ்நாட்டைத் தாண்டியது. ஐதராபாத்தில் பல மாநில விவசாயத் தலைவர்கள் கூடி அகில இந்திய அமைப்பு ஒன்றை உருவாக்கி, அவரைத் தலைவராக்கினார்கள்.

அதே மாதத்தின் கடைசி நாள். டிசம்பர் 31. கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட கரிசல் கிராமமான குறிஞ்சாக்குளத்தில் போராடிய விவசாயிகள் மீது போலீஸ் சுட்டது. எட்டு விவசாயிகள் இறந்தார்கள். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் அவர்களின் நினைவாக ஸ்தூபி நிற்கிறது.

1970-லிருந்து இப்படி நடந்த துப்பாக்கிச்சூடுகளில் இறந்த விவசாயிகள் நாற்பதுக்கும் மேல். சங்கத்தில் சேர்வது லாபமா என்று கணக்குப் போடுபவர்கள் இந்த எண்ணையும் எந்தப் பக்கத்திலாவது எழுதித்தான் ஆக வேண்டும். போராட்டத்தில் முன்வரிசையில் நின்ற உறுப்பினருக்குச் சங்கத்தால் வக்கீல் பிடித்துத் தர முடிந்தது, சிறையில் சோறு கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது, குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஊரைக் கேட்க முடிந்தது. குண்டை நிறுத்த முடியவில்லை.

சங்கம் கட்சியானபோது என்ன ஆனது?

போராட்டத்தால் ஓரளவுதான் வாங்க முடிகிறது, சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் நம் ஆட்கள் இருந்தால்தான் நிரந்தரமாக வாங்க முடியும் என்ற எண்ணம் நாயுடுவுக்கு வந்தது. 1982-ல் இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார்.

இது அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய சூதாட்டம். அதில் தோற்றார். ஓட்டுப்பெட்டிக்கு முன்னால் போனதும் விவசாயி மறுபடி திமுககாரர், அதிமுககாரர், காங்கிரஸ்காரர் ஆனார். மாட்டுவண்டியில் ஒன்றாக வந்தவர்கள் பூத்துக்குத் தனித்தனியாகப் போனார்கள். கட்சி வேண்டாம் என்று நம்பிச் சங்கத்துக்கு வந்தவர்களில் பலர் விலகினார்கள்.

இது ஏன் முக்கியம்? ஜப்தி வாசலில் கூடிய கூட்டத்தின் பலம், அதில் எல்லாக் கட்சிக்காரர்களும் நின்றதில்தான் இருந்தது. தன் கட்சி ஓட்டும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறதே என்று எந்த அரசும் யோசிக்கும். சங்கமே ஒரு கட்சியான பிறகு அந்த யோசனைக்கு அவசியம் இல்லாமல் போனது. உறுப்பினருக்குக் கிடைத்துவந்த காப்பு அந்த அளவுக்கு மெலிந்தது.

இருந்தாலும் நாயுடு ஓய்ந்துவிடவில்லை. 1984 தேர்தல் பிரசாரத்தில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றுப்பயணம்தான் கோவில்பட்டியில் நின்றது. வையம்பாளையத்தில் அவருக்கு இப்போது நினைவு மண்டபம் இருக்கிறது. அவருக்குப் பின் சங்கம் பல பிரிவுகளாக உடைந்தது. இன்று பச்சைத் துண்டு போடாத விவசாயச் சங்கத்தைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் ஒரே பச்சைத் துண்டுக்குள் எத்தனையோ சங்கங்கள்.

கடைசியில் யாருக்கு லாபம்?

1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1989-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான பம்ப்செட்டுகள் கட்டணமில்லா மின்சாரத்தில் ஓடுகின்றன. யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லித் தொடங்கிய போராட்டத்தின் தொடர்ச்சி இது.

லாபம் சமமாகப் பிரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிணறும் மோட்டாரும் வைத்திருந்தவருக்கு முழு லாபம். தாமிரபரணி வாய்க்கால் விவசாயிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நிலமே இல்லாத கூலித் தொழிலாளிக்கு அதைவிடக் குறைவு. நாயுடுவின் சங்கம் நிலம் உள்ளவர்களின் சங்கம் என்று அப்போதே விமர்சனம் வந்தது. அந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. கூலித் தொழிலாளர்களுக்குத் தனிச் சங்கங்கள்தான் குரல் கொடுத்தன. பில் இல்லாததால் நிலத்தடி நீரை வரைமுறை இல்லாமல் எடுக்கிறோம் என்ற கவலையும் பிறகு வந்தது.

இன்றைக்கு ஒரு விவசாயி சங்கத்தில் சேரலாமா?

நாயுடு காலத்தில் இல்லாத சில வழிகள் இப்போது இருக்கின்றன. மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். குறைந்த வருமானம் உள்ளவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டம் கொடுத்த உரிமை அது. மதுரையில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இருப்பதால், நெல்லைக்காரர் ரிட் போடச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

கோர்ட்டால் சாதிக்க முடிந்ததற்குத் தாமிரபரணியே சாட்சி. ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து, ஸ்ரீவைகுண்டத்துக்காரரும் விவசாயச் சங்கத் தலைவருமான நல்லகண்ணு வழக்குத் தொடுத்துத் தானே வாதாடினார். 2010-ல் மதுரைக் கிளை மணல் எடுக்கத் தடை போட்டது. அதன் பலன் ஆற்றங்கரையில் இருக்கும் எல்லோருக்கும். மறுபடியும் அதே கணக்கு: வழக்குப் போட்டவர் ஒருவர், பலன் பெற்றவர் பலர்.

கோர்ட்டால் முடியாததற்கும் உதாரணம் இருக்கிறது. 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. எல்லா விவசாயிகளுக்கும் தர வேண்டும் என்று ஒரு விவசாயச் சங்கம் வழக்குப் போட, 2017-ல் மதுரைக் கிளை அப்படியே உத்தரவிட்டது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் அதற்கு முன்பே, 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது மாநில அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்துவிட்டது. வழக்கில் கிடைக்காதது தேர்தல் நேரத்தில் கிடைத்தது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், சந்தா கட்டுவதற்கு முன் ஒரு விவசாயி கேட்க வேண்டிய கேள்விகள் சிலதான்.

முதலாவது, இந்தச் சங்கம் யாருடைய பிரச்சினையைப் பேசுகிறது? பம்ப்செட் விவசாயியின் சங்கத்தில் கடைமடை விவசாயி சேர்ந்து பெரிய பயன் இல்லை. கால்வாய்ப் பாசனத்தில் இருப்பவர் முதலில் தன் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டாவது, சங்கம் முறைப்படி பதிவாகி இருக்கிறதா? வரவு செலவுக் கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறார்களா?

மூன்றாவது, கேஸ் வந்தால் வக்கீல் செலவு யாருடையது? பேச்சில் சொல்வது வேறு, தீர்மானமாக எழுதி வைத்திருப்பது வேறு.

நான்காவது, சங்கத்தை யாராவது தேர்தலுக்கு ஏணியாக வைத்திருக்கிறார்களா? 1982-க்குப் பிறகு நடந்தது இதற்கான பாடம்.

ஐந்தாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது. பக்கத்து வயல்காரருக்குப் பிரச்சினை வந்தால் நாம் போய் நிற்போமா? இதற்கு இல்லை என்பது பதிலானால் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினாலும் அது வீண்தான். சலுகை எப்படியும் வரும்; சந்தா கட்டாமலேயே வரும். வராமல் போவது, ஜப்தி அன்று வாசலில் நிற்க வேண்டிய அந்தப் பத்துப் பேர்.

நாராயணசாமி நாயுடு கேட்ட கட்டணக் குறைப்பைவிடப் பெரியதை விவசாயிகள் பிறகு வாங்கிவிட்டார்கள். கரண்ட் பில் இல்லாமலேயே போனது. கோவில்பட்டிக் கரிசலில் இன்று மோட்டாரைப் போடும் இளம் விவசாயி, அந்த ஸ்விட்சுக்குப் பின்னால் பெருமாநல்லூரும் குறிஞ்சாக்குளமும் இருப்பதை அறியாமல் இருக்கலாம். ஆனால் பயிர்க் காப்பீட்டுத் தொகை வராமல் ஆபீஸ் ஆபீஸாக ஒற்றையாக ஏறி இறங்கும் நாளில், அந்தப் பத்துப் பேர் எங்கே என்ற கேள்வி அவருக்கும் வரும்.